துப்பாக்கி வாங்கித் தந்த மூக்குக்கண்ணாடி

தபால் இலாகாவிலிருந்து 2009ல் ஓய்வு பெற்ற பிறகு மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டல் சுட ஆரம்பித்தேன் என்று முன்பொரு முறை எழுதியிருந்தேன். “இந்த வயசுல உமக்கு எதுக்குய்யா துப்பாக்கி?” என்று கேட்காத நண்பர் கிடையாது. காலையில் சிலர் நடக்கப் போகிறார்கள், சிலர் யோகாசனம் செய்கிறார்கள். நான் பத்து மீட்டர் தள்ளி மாட்டியிருக்கும் அட்டையில் ஓட்டை போடுகிறேன். செலவு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இந்த ஆசைக்கு விதை 1965ல் விழுந்தது. அந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்தேன். சீனச் சண்டைக்குப் பிறகு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கியிருந்த காலம். குப்புறப் படுத்து, முழங்கை தேய, பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஐந்து குண்டு சுட்டதும், ஹவில்தார் அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையசைத்ததும் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நாற்பத்து நான்கு வருஷம் துப்பாக்கியைத் தொடவில்லை. தபால் தலையும் மணியார்டரும்தான்.

கிளப்பில் முதல் மூன்று வருஷம் நன்றாகவே போயிற்று. பத்து குண்டுக்கு நூறு புள்ளி. எனக்கு எண்பத்தைந்து சர்வசாதாரணமாக வரும். 2012ல் திடீரென்று எழுபதுக்கு இறங்கியது. அப்புறம் அறுபத்தெட்டு. ஒரு நாள் இரண்டு குண்டு கருப்பு வட்டத்தையே தொடவில்லை.

எனக்கு வந்த பயம் கண்ணைப் பற்றியது அல்ல, கையைப் பற்றியது. என் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் வலது கை நடுங்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். அது எனக்கும் வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கையை நீட்டி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். பிஸ்டலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் தோன்றிவிட்டது.

கிளப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “சார், சுடும்போது உங்களுக்கு எது தெளிவாத் தெரியுது? டார்கெட்டா, ஃபோர்சைட்டா?”

“டார்கெட்தான் தம்பி. கண்ணாடி மாத்தின பிறகு பளிச்சுன்னு தெரியுது.”

“எப்ப சார் மாத்துனீங்க?”

“நாலு மாசம் ஆச்சு.”

“அதுதான் சார் கோளாறு. கை இல்ல.”

துப்பாக்கி பிடித்தறியாத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஸ்டலில் குறி பார்ப்பவன் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கைக்கு அருகில் இருக்கும் பேக்சைட்டின் வெட்டு ஒன்று. குழாய் நுனியில் நிற்கும் ஃபோர்சைட் என்கிற சின்னக் கட்டை இரண்டு. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கரும்புள்ளி மூன்று. கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். சின்னப் பிள்ளைகளின் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவிவிடும், அதனால் மூன்றும் தெரிவதுபோல இருக்கும். வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய் அந்தத் தாவல் நின்றுவிடுகிறது. நம் பாட்டிமார் ‘சாளேஸ்வரம்’ என்பார்களே, அதுதான். வெள்ளெழுத்து என்றும் சொல்வோம்.

அப்படியானால் மூன்றில் எதைத் தெளிவாகப் பார்ப்பது? குறியை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சுடுகிறவர்களின் பாடம் வேறு: ஃபோர்சைட்டைப் பார், டார்கெட் மங்கலாக இருக்கட்டும். கரும்புள்ளி கொஞ்சம் கலங்கித் தெரிந்தால் அதன் நடுவைக் கணிப்பதில் பெரிய தவறு வராது. ஃபோர்சைட் வெட்டின் நடுவில் நிற்காமல் ஒரு மயிரிழை விலகினால், அந்த விலகல் பத்து மீட்டரில் பல மடங்காகப் பெருகி, குண்டு எங்கோ போய்விடும்.

என் கதையில் நடந்தது இதுதான். எனக்குச் சிறு வயதிலிருந்து இலேசான கிட்டப்பார்வை உண்டு. மைனஸ் ஒன்று. கண்ணாடி போடாமலே காலம் தள்ளிவிட்டேன். மைனஸ் ஒன்று உள்ள கண்ணுக்கு இயற்கையாகவே ஒரு மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும். கையை நீட்டிப் பிஸ்டலைப் பிடித்தால் ஃபோர்சைட் நிற்பதும் ஏறத்தாழ அங்கேதான். ஆக, மூன்று வருஷம் நான் நன்றாகச் சுட்டதில் என் திறமையைவிட என் கண் கோளாறின் பங்கு பெரிது! 2012ல் ஒரு கடையில், “சார், கிட்ட, நடு, தூரம் எல்லாத்துக்கும் ஒரே கண்ணாடி” என்று சொல்லிப் பெரிய விலைக்குப் புரோகிரசிவ் லென்ஸைத் தலையில் கட்டினார்கள். தூரத்தைத் துல்லியமாகத் திருத்திவிட்டார்கள். ஃபோர்சைட் மங்கிப்போயிற்று. கண்ணாடியில் பிழை இல்லை. நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு புத்தகத்தில், இதே துப்பாக்கியும் இதே கண்ணாடியுமாக ஒரு பையனின் கதையைப் படித்தேன். 1913ல் வெளிவந்த சுயசரிதை. எழுதியவர் தியோடர் ரூஸ்வெல்ட், அமெரிக்காவின் இருபத்தாறாவது ஜனாதிபதி. இரண்டாம் உலக யுத்த காலத்து ரூஸ்வெல்ட் அல்ல, அவருக்கு முந்தியவர், தூரத்து உறவினர்.

1858ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்துமா பாடாய்ப் படுத்தியது. பல ராத்திரி உட்கார்ந்தே தூங்க வேண்டிய பிள்ளை. ஆனால் பறவை, பூச்சி, எலி என்றால் உயிர். வீட்டிலேயே ஒரு குட்டி மியூசியம் வைத்திருந்தான். அப்பா சாதாரணமானவர் அல்ல. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பறவைகளைப் பாடம் செய்து வைக்கும் வித்தையை மகன் கற்றுக்கொள்ள ஒரு முதியவரிடம் அனுப்பினார். 1872 கோடையில், பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, துப்பாக்கியும் வாங்கித் தந்தார். பிரெஞ்சுத் தயாரிப்பு, இரட்டைக் குழல். அதைப் பற்றி ரூஸ்வெல்ட் வேடிக்கையாக எழுதுகிறார்: கவனமில்லாத பையனுக்கு ஏற்ற துப்பாக்கியாம் அது, துருப்பிடித்துத் திறக்க வராவிட்டால் செங்கல்லால் தட்டித் திறக்கலாமாம்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கூட்டாளிகளோடு போனான். அங்கேதான் அவனுக்கு ஒன்று விளங்கவில்லை. மற்ற பையன்கள் “அதோ பார், இதோ பார்” என்று எதையெதையோ சுடுகிறார்கள். இவன் கண்ணுக்கு அங்கே சுடுவதற்கு ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு நாள், தூரத்தில் பெரிய எழுத்தில் இருந்த ஒரு விளம்பரப் பலகையை அவர்கள் உரக்கப் படித்தார்கள். இவனுக்கு அதைப் படிக்க முடியாதது இருக்கட்டும், அங்கே எழுத்து இருப்பதே தெரியவில்லை. அப்போதுதான் தன்னிடம்தான் ஏதோ குறை என்று உறைத்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னான். சில நாளில் முதல் மூக்குக்கண்ணாடி வந்தது. உலகம் இத்தனை அழகானது என்பதே கண்ணாடி போட்ட பிறகுதான் தெரிந்தது என்று எழுதுகிறார். அதுவரை, காலில் இடறுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்த பிராணிகளைத்தான் அவனால் ஆராய முடிந்திருக்கிறது.

பதின்மூன்று வருஷம் அந்த வீட்டில் படித்தவர்களும் பணக்காரர்களும் வைத்தியர்களும் வந்து போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பையனுக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் இருந்தது, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான். அவன் பார்வைக் குறையைக் காட்டிக்கொடுத்தது துப்பாக்கிதான். நடப்பதற்கும் சாப்பிடுவதற்கும் அரைகுறைப் பார்வை போதும், குறி பார்க்கப் போதாது.

அந்தப் பையன் பிறந்த காலமும் நல்ல காலம். கண்ணாடி என்பது பழைய சரக்குதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் உண்டானது. வெள்ளெழுத்துக்குத்தான் முதலில் வந்தது. கிட்டப்பார்வைக்கான குழி லென்ஸ் அதற்கு வெகுநாள் கழித்து வந்தது. 1518 வாக்கில் ரஃபேல் வரைந்த போப் பத்தாம் லியோவின் ஓவியத்தில், அவர் கையில் ஒரு லென்ஸ் இருக்கும். லியோ கடுமையான கிட்டப்பார்வைக்காரர், வேட்டைப் பிரியரும்கூட. வேட்டைக்குப் போகும்போது குழி லென்ஸ் வைத்துப் பார்ப்பாராம், கூட வந்தவர்களைவிடத் தனக்கு நன்றாகத் தெரிகிறது என்று பெருமையும் பேசுவாராம். கண்ணாடி வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தவறாமல் சொல்வார்கள். குறி பார்ப்பதற்காகக் கண்ணைத் திருத்திக்கொண்டவர்களில் எனக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கூட்டாளி அவர்.

ஆனால் நெடுங்காலம் கண்ணாடி வாங்குவது செருப்பு வாங்குவதுபோலத்தான் இருந்தது. தட்டில் பரப்பி வைத்திருப்பதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்வது. கண்ணை அளந்து கண்ணாடி போடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை. 1825ல் ஏரி என்ற ஆங்கிலேய வானவியல் அறிஞர், தன் ஒரு கண்ணுக்குப் புள்ளி கோடாக இழுபடுவதைத் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அதற்கென்று சிலிண்டர் லென்ஸ் செய்துகொண்டார். இன்று நம் சீட்டில் ‘சிலிண்டர்’, ‘ஆக்ஸிஸ்’ என்று எழுதுகிறார்களே, அதன் தொடக்கம் அதுதான். 1862ல் ஹாலந்து நாட்டு ஸ்னெல்லன், மேலே பெரிய எழுத்தும் கீழே பொடி எழுத்துமாக அந்த அட்டையைக் கொண்டுவந்தார். 1864ல் அதே ஊர் டான்டர்ஸ், கிட்டப்பார்வை எது, தூரப்பார்வை எது, வெள்ளெழுத்து எது என்று பிரித்துக் காட்டிப் பெரிய நூல் எழுதினார். லென்ஸின் பலத்தை ‘டயாப்டர்’ என்ற அளவால் சொல்லலாம் என்று பிரெஞ்சுக்காரர் மோனோயே யோசனை சொன்னது 1872ல். ரூஸ்வெல்ட் பையன் கண்ணாடி போட்ட அதே வருஷம்.

அந்தக் குளிர்காலத்தில் குடும்பம் எகிப்துக்குப் போனது. நைல் நதியில் படகுப் பயணம். புதுக் கண்ணாடியும் துப்பாக்கியுமாகப் பையன் பறவை சேகரித்தான். இன்றைய நியாயத்தில் பறவையைச் சுடுவது நமக்குப் பிடிக்காதுதான். அன்று பறவையியல் படித்த வழி அது.

பெரியவரானதும் மேற்கே டக்கோட்டாவில் மாட்டுப் பண்ணை வைத்தார். முரட்டு மாடுமேய்ப்பவர்கள் நடுவில் கண்ணாடிக்காரன் என்றால் கேலிதான், ‘நாலு கண்ணன்’ என்று பெயர். ஒரு இரவு சின்ன ஊர் விடுதி ஒன்றில், இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்திருந்த ஒரு குடிகாரன், எல்லோருக்கும் இன்று நாலு கண்ணன் செலவில் சாராயம் என்று மிரட்டினான். ரூஸ்வெல்ட் எழுந்தார், அடுத்தடுத்துக் குத்து விட்டார். ஆள் தலை கவுண்டரில் மோத மயங்கி விழுந்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கேலி குறைந்தது என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1898ல் கியூபா சண்டைக்குக் குதிரைப் படையோடு புறப்பட்டபோது அவருக்கு இருந்த பெரிய கவலை கண்ணாடி உடைந்துவிட்டால் என்ன செய்வது என்பது. ஒரு டஜன் போல மாற்றுக் கண்ணாடிகளை உடுப்பிலும் தொப்பியிலும் வைத்துத் தைத்துக்கொண்டு போனார். இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. நானும் ஊருக்குப் போகும்போது இரண்டு கண்ணாடி எடுத்துக்கொள்கிறவன்.

1901ல் ஜனாதிபதி ஆனார். வெள்ளை மாளிகையிலேயே வாலிபர்களோடு குத்துச்சண்டை பழகுவார். ஒரு இளம் ராணுவ அதிகாரியின் குத்து இடது கண்ணில் விழுந்து, உள்ளே நரம்பு வெடித்து, அந்தக் கண் மங்கிப்போயிற்று. அந்த இளைஞர் மனம் நோகக் கூடாதென்று வெகுநாள் இதை வெளியில் விடவில்லை. சுயசரிதையிலும் அவர் பெயர் இல்லை. நல்லவேளை இடது கண்ணாகப் போயிற்று, வலது கண்ணாக இருந்திருந்தால் சுடவே முடியாமல் போயிருக்கும் என்று மட்டும் எழுதுகிறார். நமக்கு வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு குத்துச்சண்டையை விட்டுவிட்டு, ஜப்பானிய ஜூஜுட்சு பழகப் போய்விட்டாராம்! 1909ல் பதவி முடிந்ததும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக ஆப்பிரிக்கா போய் ஒரு வருஷம் வேட்டையாடியதெல்லாம் அந்த ஒற்றைக் கண்ணையும் அதன் கண்ணாடியையும் நம்பித்தான். அவர் ஒன்றும் பெரிய குறிகாரர் அல்ல. அப்படி அவரே எழுதியிருக்கிறார்.

1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கி நகரில் தேர்தல் கூட்டத்துக்குப் புறப்பட்டவரை ஒருவன் நெருங்கி நின்று மார்பில் சுட்டான். குண்டு சட்டைப் பையில் இருந்த எஃகுக் கண்ணாடிக் கூட்டையும், இரண்டாக மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பேச்சையும் துளைத்துக்கொண்டு போய், வேகம் குறைந்து விலா எலும்பருகே நின்றுவிட்டது. மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மேடைக்குப் போய், ரத்தச் சட்டையோடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பேசினார். டாக்டர்கள் குண்டை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். 1919ல் இறக்கும்வரை அது உடம்பிலேயே இருந்தது. ஒரு துப்பாக்கி வாங்கித் தந்த கண்ணாடி, நாற்பது வருஷம் கழித்து இன்னொரு துப்பாக்கியின் குண்டுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது.

ஆனால் என்னைப் புத்தகத்தை மூடிவைக்கச் செய்த இடம் இது எதுவும் இல்லை. தன் முதல் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிட்டு அவர் எழுதும் ஒரு செய்திதான். சிறு வயதில் தான் தட்டுத்தடுமாறித் திரிந்ததற்குப் பாதிக் காரணம் கண் தெரியாததும், தெரியவில்லை என்பதே தெரியாததும் என்கிறார். உடம்பில் இருக்கும் இப்படிப்பட்ட குறைகளால் பின்தங்கும் பிள்ளைகளை மண்டு என்றும் பிடிவாதக்காரர்கள் என்றும் ஏசுவது அநியாயம் என்கிறார்.

எனக்கு மூன்று வயது இளையவன் என் தம்பி. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மண்டு என்றுதான் பெயர். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்ப்பான். காப்பியடிக்கிறான் என்று வாத்தியார் பிரம்பால் வெளுப்பார். வீட்டில் அப்பா வெளுப்பார். நான் வகுப்பில் முதல் மாணவன், அதனால் அவனுக்கு இன்னும் இரண்டு அடி கூட விழும்.

1962 என்று நினைக்கிறேன். பங்குனித் திருவிழாவுக்கு மன்னார்குடி போயிருந்தோம். பலூன் சுடும் கடை ஒன்று போட்டிருந்தார்கள். ஓரணாவுக்கு நாலு சுடு. நான் இரண்டு பலூன் உடைத்தேன். தம்பி துப்பாக்கியை வாங்கி, ஒரு கண்ணை மூடி, ரொம்ப நேரம் நின்றான். “எங்கண்ணே சுடணும்?” என்று கேட்டான். அந்தக் கடைக்காரர் சிரித்தார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். பலகை நிறைய வண்ண வண்ணமாகப் பலூன் இருக்க, எங்கே சுடுவது என்று ஒருவன் கேட்டால் வேறென்ன செய்வோம்? அவன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டான். மிச்சம் இருந்த மூன்று சுடையும் நானே சுட்டேன்.

எட்டாவதோடு அவன் படிப்பு நின்றது. வயலைப் பார்த்துக்கொண்டான். 1979ல் டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் எடுக்கப் போனபோதுதான், கண் டாக்டரிடம் போய் வா என்று திருப்பி அனுப்பினார்கள். மைனஸ் ஐந்தரை. இருபத்தேழு வயதில் முதல் கண்ணாடி. அன்றைக்குச் சாயங்காலம் சந்நிதித் தெருவில் நின்று கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, கோபுரத்துல பொம்மை இருக்குன்னு எல்லாரும் சொல்லுவீங்களே, சும்மா கதைன்னுல்ல நெனச்சேன்” என்றான்.

மதராசில் கண் ஆஸ்பத்திரி தொடங்கியது 1819ல். இன்று எழும்பூரில் இருப்பது அதுதான், உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. நியூயார்க் பையன் கண்ணாடி போடுவதற்கு ஐம்பத்து மூன்று வருஷம் முந்தி. அந்தப் பையனுக்குப் பதின்மூன்று வயதில் புரிந்தது, கேட்க ஒரு அப்பா இருந்தார். என் தம்பி கேட்டான். “எங்கண்ணே சுடணும்?” என்று என்னிடம்தான் கேட்டான்.

இனி என் கண்ணாடிக்கு வருகிறேன், சிலருக்குப் பயன்படும். இந்த முறை கடைக்குப் போகாமல் கண் ஆஸ்பத்திரிக்கே போனேன். போகும் முன் கிளப்பில் பிஸ்டலை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து ஃபோர்சைட்வரை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டேன். எண்பது சென்டிமீட்டர். டாக்டர் முதலில் கண் அழுத்தம், கண்புரை எல்லாம் பார்த்தார். புரை லேசாக ஆரம்பித்திருந்தது, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். பார்வை மங்கினால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். கண்ணாடி அப்புறம்.

பவர் பார்த்த பெண்ணுக்கு என் பேத்தி வயது. “பெரியவரே, எழுதப் படிக்கவா, டிவி பார்க்கவா?” என்று கேட்டாள். “துப்பாக்கி சுடம்மா” என்றேன். ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, உற்சாகமாகிவிட்டாள். ஒரு மர ஸ்கேலை எண்பது சென்டிமீட்டரில் பிடித்து, அதன் ஓரம் கூர்மையாகத் தெரியும்வரை ஒவ்வொரு லென்ஸாக மாற்றினாள். தூரத்துக்கு வேண்டிய பவரோடு முக்கால் டயாப்டர் கூட்டியதும் ஸ்கேல் கத்திமுனைபோல் நின்றது. சுவரில் எழுத்து கொஞ்சம் கலங்கியது, ஆனால் காணாமல் போகவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். என் மைனஸ் ஒன்றில் முக்காலைக் கூட்டினால் மிச்சம் மைனஸ் கால்! கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. அதோடு முக்கால் சிலிண்டர் இருந்தது. வெறும் கண்ணால் சுட்ட காலத்தில் ஃபோர்சைட்டின் ஓரம் நிழலாட்டமாக இரட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் இந்தச் சிலிண்டர். ஏரி துரைக்கு நன்றி.

சுடுவதற்கென்று தனிச் சட்டம் உண்டு. சுடும் கண்ணுக்கு மட்டும் ஒரு வட்ட லென்ஸ், தலையை எப்படிச் சாய்த்தாலும் பார்வைக்கு நேராக அதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கண்ணாடியில் நாம் மூலையால் பார்ப்போம், அங்கே உருவம் கோணும். மற்றக் கண்ணை இறுக்கி மூடக் கூடாது, முகத் தசை இழுத்துச் சுடும் கண்ணும் களைத்துப்போகும். அதற்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு வைத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். மறைப்பின் அகலம் போட்டிகளில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எது உங்கள் சுடும் கண் என்று தெரியாவிட்டால், இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவில் ஒரு சின்னத் துவாரம் விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எதை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் உங்கள் தலைமைக் கண். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

மறு மாதம் எண்பத்து மூன்று வந்தது. அந்தத் தம்பிக்கு ஒரு டப்பா அல்வா வாங்கிக் கொடுத்தேன். கை நடுங்குகிறதா என்று ராத்திரியில் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது பள்ளிக்கூடங்களிலேயே பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் இலவசமாகக் கண்ணாடி தருகிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் உங்கள் பேரப்பிள்ளை டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அதட்டுவதற்கு முன்னால், வாசலில் நிறுத்தி எதிர்வீட்டுக் கதவு எண்ணைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு வருஷம் முன்பு பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பியும் நானும் கடைத்தெருவில் நடந்தோம். பலூன் கடை இன்னும் இருக்கிறது, விலைதான் மாறிவிட்டது. அவனே காசு கொடுத்துத் துப்பாக்கியை வாங்கினான். எழுபது தாண்டியவன், கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்துக்கு நாலு உடைத்தான். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அன்னைக்கும் இத்தனை பலூன் இருந்துச்சாண்ணே?” என்று கேட்டான்.

“இருந்துச்சுப்பா” என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.